ஊசிக் கோடும் சீட்டுக் கட்டும்

டாரட் சீட்டுகளில் உள்ள படங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எகிப்தியக் கோயில் என்றார் ஒருவர். எபிரேய எழுத்து என்றார் இன்னொருவர். மனித மனத்தின் அடியாழம் என்று வேறொரு கூட்டம் சொன்னது. இத்தாலியப் பிரபுக்களின் சீட்டாட்ட மேசைதான் என்று ஒரு தரப்பு ஆவணங்களோடு வந்து நின்றது. படம் எங்கிருந்து வரவேண்டும் என்ற கேள்வி இதனோடு ஒட்டிப் பிறந்தது. புதிதாக ஒரு கட்டு வரைய உட்காரும் எந்த ஓவியரும் அதற்கு ஒரு விடை வைத்திருந்தாக வேண்டும்.

அண்மைக் காலத்தில் சிலர் தேர்ந்துகொண்ட விடை, பச்சை குத்தும் கடையின் சுவர். கேபி ஆங்கஸ்-வெஸ்ட் வரைந்த ‘போன்ஃபயர் டாரட்’ 2015இல் வந்தது. மெகாமண்டன் என்ற பெயரில் இயங்கும் ஓவியர் ஆலிவர் மண்டனின் படங்களோடு, ‘டாட்டூ டாரட்: இங்க் அண்ட் இன்ட்யூஷன்’ என்ற கட்டை லாரன்ஸ் கிங் பதிப்பகம் 2018இல் வெளியிட்டது. தடித்த கறுப்புக் கோடு, நாலைந்து நிறங்கள், குத்துவாள் பாய்ந்த இதயம், தகைவிலான் குருவி, நங்கூரம் என்று அமெரிக்கத் துறைமுகக் கடைகளில் வளர்ந்த பழைய பாணி டாட்டூதான் இத்தகைய கட்டுகளின் மூலதனம். இந்த இரண்டு கலைகளும் சேர்ந்து நிற்பது பார்ப்பவர்களுக்கு வியப்பாகவே இல்லை என்பதுதான் வியப்பு. ஏதோ ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டது போல இருக்கிறது. அந்த உறவு எத்தகையது என்பதற்கு இதுவரை கிடைக்கும் விளக்கங்களையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பார்க்கிறது.

மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று

சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது 1370களில். எகிப்தை ஆண்ட மம்லுக்குகளின் சீட்டுகளில் கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள் இருந்தன. அப்படியொரு கட்டு இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இன்றும் இருக்கிறது. போலோ என்ற ஆட்டத்தை அறியாத ஐரோப்பியர்கள் மட்டையை வெறும் தடியாக்கிவிட்டார்கள் என்று சீட்டு வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். (வாள் இனத்துக்கு இத்தாலியர் வைத்த பெயர்தான் ஆங்கிலத்தில் உருமாறி, நம்மூர் மேசையில் இஸ்பேட் ஆகிக் கிடக்கிறது.)

1440 வாக்கில் வட இத்தாலியில் இந்தக் கட்டோடு படத் துருப்புகள் சேர்ந்தன. பிற்பாடு நிலைத்த கணக்கு, இனச்சீட்டு 56, துருப்பு 22, ஆக 78. ஃபெராரா அரண்மனைக் கணக்கேடுகளில் 1442இலேயே இவை பதிவாகியிருக்கின்றன. மிலானை ஆண்ட விஸ்கோன்டி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகப் பொன் தகடு பதித்துக் கையால் தீட்டிய கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் எஞ்சி, நியூயார்க்கின் மார்கன் நூலகத்துக்கும் பெர்காமோ நகரத்துக்கும் இடையே பிரிந்து கிடக்கின்றன. இவ்வளவும் விளையாட்டுக்கு. குறி சொல்லும் வழக்கம் பரவலானது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

பச்சை குத்தலின் வயது வேறு. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஏட்ஸி என்ற மனிதனின் உடலில் 61 குறிகள். அவன் வாழ்ந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் டாரட்டுக்குத் தீனி போட்ட டாட்டூ இந்தத் தொன்மையிலிருந்து நேராக இறங்கி வந்தது அன்று. 1769இல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் தஹிதியில் நின்றபோது ‘டடாவ்’ என்ற சொல்லும் வழக்கமும் மாலுமிகளோடு ஏறிக்கொண்டன. 1891இல் நியூயார்க்கின் சாமுவேல் ஓ’ரைலி, எடிசன் உருவாக்கியிருந்த மின்பேனாவின் வழியில் அமைந்த பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வேலை வேகமானது. அதே ஊரில், சுவர்த்தாள் வடிவமைப்பாளராக இருந்து இத்தொழிலுக்கு வந்த லூ ஆல்பர்ட்ஸ், வாடிக்கையாளர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் படத்தாள்களை வரைந்து மற்றக் கடைகளுக்கும் விற்றார். தொழிலில் அதற்குப் பெயர் ஃப்ளாஷ். உணவகத்தில் விலைப்பட்டியல் தொங்குவது போல, இதயமும் மண்டையோடும் எண் போட்டுச் சுவரில் தொங்கின.

ஒன்று அரண்மனையில் பிறந்து மதுக்கடைக்கு இறங்கியது. மற்றொன்று துறைமுகத்தில் வேலை செய்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலைக்கூடத்துக்கு ஏறியது. 1967இல் சான்ஃபிரான்சிஸ்கோ கலைக்கல்லூரியில் அச்சோவியம் படித்து முடித்த எட் ஹார்டி பச்சை குத்துபவரானதும், 2019இல் அதே நகரின் டி யங் அருங்காட்சியகம் அவருக்குக் கண்காட்சி வைத்ததும் இந்த ஏற்றத்தின் இரு முனைகள்.

முதல் விடை: ஆதிப் படிமம்

பெரும்பாலான கட்டுகளோடு வரும் கையேடுகள் விரும்பிச் சொல்லும் விளக்கம் இது. டாரட்டும் டாட்டூவும் ஒரே ஊற்றிலிருந்து நீர் மொள்கின்றன, மரணம், காதல், வீழ்ச்சி, நட்சத்திரம் ஆகியவை எல்லா மனத்திலும் உறங்கும் படிமங்கள், ஆகவே தோலில் தோன்றுவதும் சீட்டில் தோன்றுவதும் ஒன்றே என்பது அதன் சாரம்.

இதன் வேர் பழையது. 1781இல் அந்துவான் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர் தம் பெருந்தொகுப்பின் எட்டாம் பாகத்தில், டாரட் என்பது எகிப்தியப் பூசாரிகள் சீட்டாட்டமாக மாறுவேடமிட்டு விட்டுச்சென்ற ஞான நூல் என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. ஷாம்போலியோன் அதை வாசித்துக் காட்டியது 1822இல். டாரட்டை ஆதரிக்கும் வரி எதுவும் அந்த எழுத்துகளில் கிடைக்கவில்லை. 1850களில் எலிஃபாஸ் லெவி, 22 துருப்புகளை 22 எபிரேய எழுத்துகளோடு பொருத்தினார். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் இடத்தில் யுங்கின் உளவியல் வந்து அமர்ந்தது. யுங் டாரட்டைப் பற்றிச் சொன்னது மிகக் கொஞ்சம். அவர் பெயரில் ஒரு முழு விளக்க மரபை அமைத்தவர் சாலி நிக்கல்ஸ், 1980இல்.

ஒரு நியாயம் இந்த விளக்கத்துக்கு உண்டு. படம் வரைபவர்களும் பார்ப்பவர்களும் இந்த ஒட்டுறவை உடனே உணர்கிறார்கள் என்பதற்கு அது இடம் கொடுக்கிறது. ஆனால் துருப்புகளின் வரலாற்றைப் பார்த்தால், படிமங்கள் நிலையானவை என்ற அடிப்படையே ஆடிப்போகிறது. தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட பெருநூல், ஆரம்பகால இத்தாலிய நகரங்களில் துருப்புகளின் வரிசை ஊருக்கு ஊர் மாறியதைக் காட்டியது. ஃபிளாரன்ஸில் ஆடிய மின்கியாத்தே என்ற வகையில் மொத்தச் சீட்டு 97. இன்னும் வேடிக்கை, போலோஞாவில் நடந்தது. 1725இல் அங்கே வெளியான ஒரு கட்டு போப்பின் அதிகாரிகளுக்குச் சினமூட்ட, போப், பெண் போப், பேரரசர், பேரரசி ஆகிய நான்கு சீட்டுகளும் நீக்கப்பட்டு நான்கு மூர்கள் அந்த இடத்தில் வந்தார்கள். ஆட்டம் எந்தத் தடையும் இல்லாமல் தொடர்ந்தது. ஆதிப் படிமத்தை ஓர் அலுவலக உத்தரவு மாற்றிவிட முடிந்தது.

டாட்டூ பக்கமும் இதே கதை. 1909இல் அமெரிக்கக் கடற்படை, ஆபாசமான பச்சை உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்றும், அதை மாற்றிக்கொண்டு வந்தால் பரிசீலிக்கலாம் என்றும் ஆணையிட்டது. விளைவு, கடைகளில் அம்மணப் பெண்களுக்கு ஆடை உடுத்தும் வேலை. ஏட்ஸியின் 61 குறிகளோ வெறும் கோடுகளும் சிலுவைக் கீறல்களும். தேய்ந்த மூட்டுகளுக்கு அருகில் பல இருப்பதால் வலிக்கு வைத்தியமாக இருக்கலாம் என்கிறார்கள். மனித குலத்தின் மிகப் பழைய பச்சைகளில் ஒன்று எந்தப் படிமத்தையும் காட்டவில்லை. எல்லாவற்றையும் விளக்கிவிடும் ஒரு கொள்கை, ஏன் இந்த ஊரில் இந்த ஆண்டில் இந்தப் படம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் தருவதில்லை.

இரண்டாம் விடை: காப்பு

இன்னொரு தரப்பு சற்று அடக்கமாகப் பேசுகிறது. படிமம் பொதுவா என்பதை விட்டுவிடுவோம், பயன் பொது என்கிறது. இரண்டும் விதியோடு பேரம் பேசும் கருவிகள்.

டாட்டூவில் இதற்குச் சான்று ஏராளம். மாலுமிகள் ஒரு பாதத்தில் பன்றியும் மறுபாதத்தில் சேவலும் குத்திக்கொண்டார்கள். கப்பல் உடைந்தால் மரக்கூண்டுகளில் அடைபட்ட இந்தப் பிராணிகள் மிதந்து பிழைக்கும் என்பதால், குத்தியவரும் மூழ்கமாட்டார் என்ற நம்பிக்கை. பாய்மரக் கயிறு கைநழுவாதிருக்க, ‘இறுகப் பிடி’ என்று பொருள்படும் எட்டு ஆங்கில எழுத்துகள் விரல் கணுக்களில் ஏறின. தகைவிலான் குருவி ஐயாயிரம் கடல் மைல் கடந்ததற்கு அடையாளம். தாய்லாந்தின் சாக் யாந்த் இன்னும் வெளிப்படையானது. பெயரிலேயே யந்திரம் இருக்கிறது. பெரும்பாலும் கெமர் எழுத்தில் மந்திரம் பொறிக்கிறார்கள். அந்தக் கெமர் எழுத்தோ பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து பிறந்தது. பாங்காக்கில் ஒரு முதுகில் ஏறும் எழுத்தின் மூதாதையர் காஞ்சிபுரம் பக்கத்து ஆட்கள் என்பது இக்கட்டுரையின் வாதத்துக்கு அவசியமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சிக்கல் டாரட் பக்கம். முதல் மூன்று நூற்றாண்டுகள் அது ஆட்டக் கருவி. பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் ஆடுகிறார்கள். மந்திரத் தகுதி பின்னால் ஏற்றப்பட்டது. அதைவிட அடிப்படையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. காப்பு தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொள்வது. சீட்டு தற்செயலாக வந்து விழுவது. கிளி ஜோதிடம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உறையை இழுப்பது மனிதக் கையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அங்கே ஒரு பறவை. குறி கேட்பவர் தனக்குப் பிடித்த படத்தைத் தானே பொறுக்கிக்கொண்டால் அது குறியாகாது. டாட்டூவோ முழுக்க முழுக்கப் பொறுக்கிக்கொள்வது. இந்த விளக்கத்தை ஏற்பவர்கள் இந்த முரணைப் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

மூன்றாம் விடை: அச்சுப் பட்டறை

மூன்றாவது விளக்கத்தில் மர்மம் எதுவும் இல்லை. அதனாலேயே கையேடுகளில் அது இடம்பெறுவதில்லை போலும். சீட்டும் பச்சையும் மலிவுப் பட வணிகத்தின் இரு கிளைகள், ஒரே கருவிகள், ஒரே நெருக்கடிகள், ஆகவே ஒரே கோடு என்கிறது அது.

மார்சேய் டாரட் என்று இன்று அழைக்கப்படும் பிரெஞ்சு மரபை எடுத்துக்கொள்வோம். நிக்கொலா கொன்வேயின் 1760ஆம் ஆண்டுக் கட்டு அதன் புகழ்பெற்ற மாதிரி. மரக்கட்டையில் வெளிக்கோட்டைச் செதுக்கி, கறுப்பு மையில் அச்சிட்டு, வெட்டுத்தகடு எனப்படும் ஸ்டென்சிலை மேலே வைத்துத் தூரிகையால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடித்துவிடுவார்கள். நிறம் கோட்டைத் தாண்டி வழிவதை எந்தப் பழைய சீட்டிலும் பார்க்கலாம். அமெரிக்க டாட்டூக் கடையில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். செல்லுலாய்டு தகட்டில் கோட்டைக் கீறி, கீறலில் கரித்தூளை நிரப்பி, தோலில் அழுத்தி எடுத்தால் படம் இறங்கும். கறுப்புக் கோட்டை முதலில் குத்தி, பிறகு நிழல், கடைசியில் நிறம்.

கோடு தடிமனாக இருந்ததற்கும் இரு பக்கமும் காரணம் உண்டு. மரக்கட்டையில் மெல்லிய கோடு ஆயிரக்கணக்கான அச்சுகளுக்குத் தாங்காது. மங்கிய விளக்கில், மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்த்தாலும் எது தேர், எது சூரியன் என்று தெரிந்தாக வேண்டும். தோலில் மை அசையாமல் நிற்பதில்லை. மைத்துகள்களை விழுங்கிய நோயெதிர்ப்புச் செல்கள் இறக்க, அவை விட்ட மையைப் புதிய செல்கள் விழுங்குகின்றன என்று 2018இல் எலிகளில் நடந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஆண்டுகள் போகப் போகக் கோடு பரந்து மங்குகிறது. இருபது ஆண்டு கழித்தும் குருவி குருவியாகத் தெரிய வேண்டுமென்றால் தடித்த கோடு வேண்டும். தடிமனாகப் போட்டால்தான் நிற்கும் என்பது அமெரிக்கக் குத்துநர்களின் பழமொழி.

படங்களே இடம் மாறியதற்கும் தடயங்கள் கிடைக்கின்றன. ஜெருசலேமில் கிறித்தவ யாத்திரிகர்களுக்குப் பச்சை குத்திவரும் ரஸூக் குடும்பத்திடம் பழைய மர அச்சுகள் இருக்கின்றன. அச்சில் மை தடவி முழங்கையில் ஒற்றி, அந்த வரியின் மேல் ஊசி போகும். ஜான் கார்ஸ்வெல் 1950களில் அந்தக் கட்டைகளைத் தொகுத்து நூலாக்கினார். சீட்டு அச்சிடும் கட்டைக்கும் இதற்கும் தச்சர் கண்ணில் வேறுபாடு கிடையாது. கடலில் கற்சிலுவையைக் கட்டிப்பிடித்திருக்கும் பெண்ணின் உருவம், மாலுமிகளின் முதுகிலும் மார்பிலும் ஏறிய புகழ்பெற்ற பச்சை. அதன் மூலம் 1867இல் யோஹானஸ் ஓர்ட்டெல் தீட்டி, பின்னர் மலிவு அச்சில் வீடுதோறும் பரவிய பக்தி ஓவியம்.

என் பார்வையில் இத்தரப்பின் கையிலுள்ள வலுவான சான்று ஜப்பான் வழியாக வருகிறது. 1827 முதல் உதகாவா குனியோஷி அச்சிட்ட சீன வீரர் வரிசையில், வீரர்களின் உடல் முழுக்க டிராகனும் அலையும் பச்சையாகப் படர்ந்திருந்தன. அந்த அச்சுகள் எடோ நகரத்து உழைப்பாளிகளின் முதுகுக்கு இறங்கின. அங்கே குத்துநரின் தொழிற்பெயரில் வரும் ‘ஹொரி’ என்ற சொல்லுக்குச் செதுக்குதல் என்றே பொருள். 1872இல் அரசு தடை விதித்தது, 1948 வரை தடை நீடித்தது. தொழில் சாகவில்லை. ஹோனலூலுவில் கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸ் என்ற சேலர் ஜெரி, கிஃபு நகரத்துக் குத்துநர் ஹொரிஹிதேயோடு கடிதத் தொடர்பு கொண்டு ஜப்பானிய நுட்பங்களைக் கற்றார். எட் ஹார்டி 1973இல் அதே ஹொரிஹிதேயிடம் போய்ப் பணி செய்தார்.

இப்போது டாரட் பக்கம் திரும்பலாம். உலகில் இன்று மிகப் பரவலாகத் தெரிந்த கட்டு, 1909இல் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. திட்டம் ஏ.ஈ. வெயிட் உடையது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. பமீலா படித்தது புரூக்ளினின் பிராட் கல்விக்கூடத்தில். அங்கே ஆசிரியராக வந்த ஆர்தர் வெஸ்லி டோ, ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியத்தின் கோட்டையும் தட்டையான நிறத்தையும் பாடமாகவே நடத்தியவர். பமீலாவின் சீட்டுகளில் தெரியும் தடித்த வெளிக்கோடும் தட்டை நிறமும் அந்தப் பயிற்சியின் சாயல் கொண்டவை என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இன்று ஒரு ஓவியர் பமீலாவின் சீட்டை டாட்டூ பாணியில் மறுபடி வரையும்போது, எடோவின் அச்சுப் பட்டறையிலிருந்து இரு வேறு கப்பல்களில் புறப்பட்ட கோடுகள் ஒரே தாளில் மறுபடி சேர்கின்றன. நேரடி வம்சாவளி என்று இதை நிறுவ முடியாது. வெறும் தற்செயல் என்று ஒதுக்குவதும் கடினம்.

இத்தரப்புக்கும் எல்லை உண்டு. அது கோட்டை விளக்குகிறது, பொருளை விளக்கவில்லை. மேலும் அது பழைய பாணிக்கு மட்டுமே பொருந்தும். மயிரிழைக் கோடு, புள்ளி வேலை, புகைப்படம் போன்ற உருவம் என்று இன்றைய டாட்டூ பலவாகப் பிரிந்துவிட்டது. அவற்றிலிருந்து பிறக்கும் டாரட்டுக்கு மார்சேய் மரக்கட்டையோடு என்ன உறவு என்று கேட்டால் இவர்களிடம் பதில் இல்லை.

வரைபவரின் சிக்கல்

கொள்கைகளை விட்டு வேலை மேசைக்கு வந்தால் விஷயம் தெளிவாகிறது. ஃப்ளாஷ் தாளையும் டாரட்டையும் அருகருகே வைத்தால் சில சீட்டுகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். வாள் மூன்று என்ற சீட்டில் மூன்று வாள்கள் ஊடுருவிய இதயம். துறைமுகக் கடையின் நிரந்தர வாடிக்கை குத்துவாள் பாய்ந்த இதயம். பமீலாவின் இந்தச் சீட்டுக்கு முன்மாதிரி பதினைந்தாம் நூற்றாண்டு முடிவில் இத்தாலியில் செதுக்கப்பட்ட சோலா புஸ்கா கட்டு. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தன. சீட்டு, பச்சை இரண்டுக்கும் பின்னால் கத்தோலிக்கப் பக்திப் படங்கள் நிற்கின்றன. நெஞ்சில் வாள் பாய்ந்த வியாகுல மாதாவைத் தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் பார்த்தவர்களுக்கு இந்த உருவத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மரணம், நட்சத்திரம், சூரியன், காதலர் ஆகியவற்றுக்கும் கடைச் சுவரில் ஆயத்தப் படங்கள் உண்டு. அதிர்ஷ்டச் சக்கரத்துக்கு, மதுக்கோப்பைக்குள் பெண்ணும் பகடையும் சீட்டும் சூழ்ந்த ‘ஆணின் அழிவு’ என்ற பிரபலமான பச்சை கச்சிதமாகப் பொருந்தும். சீட்டுக்குள் டாட்டூ நுழைவதற்கு வெகு முன்பே டாட்டூவுக்குள் சீட்டு நுழைந்துவிட்டது என்பதையும் அந்தப் படம் நினைவூட்டுகிறது.

ஒட்டாத சீட்டுகள்தான் நமக்கு அதிகம் கற்றுத்தருகின்றன. போப்பும் பேரரசரும் நீதியும் நிதானமும் அங்கே சுவரில் இல்லை. துருப்பு வரிசை ஓர் அரசவைச் சமூகத்தின் அடுக்கு. மேலே யார், கீழே யார் என்பதே ஆட்டத்தின் விதி. ஃப்ளாஷ் தாளில் மேல் கீழ் கிடையாது. அங்கே அம்மாவின் பெயரும் அம்மணப் பெண்ணும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். கடல், காதல், அதிர்ஷ்டம், சாவு, ஊர் ஞாபகம் என்று சம்பளம் வாங்கிய இரவில் ஒரு மாலுமிக்குத் தோன்றுபவையே அதன் உலகம். டாட்டூ டாரட் வரைபவர் இந்த வெற்றிடங்களை நிரப்பும் விதத்தில்தான் அவருடைய சிந்தனை தெரியவரும். கிரீடம் வைத்த மண்டையோட்டைப் பேரரசராக்கி நகர்ந்துவிடலாம். அது சோம்பல் என்றே சொல்வேன்.

இதைவிடப் பெரிய இடர்ப்பாடு இனச்சீட்டு 56. பமீலாவுக்கு முன் பெரும்பாலான கட்டுகளில் கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகள், அவ்வளவே. சோலா புஸ்கா அபூர்வ விதிவிலக்கு. பமீலா எண்ணுச் சீட்டு ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக்கினார். கறுப்பு அங்கி போர்த்தவர் கவிழ்ந்த கோப்பைகளைப் பார்த்து நிற்கிறார், அவருக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் இன்னும் நிமிர்ந்திருக்கின்றன. மனிதர், இடம், நிகழ்வு, எல்லாம் இருக்கின்றன. நூறாண்டாகக் குறி வாசிப்பவர்கள் பழகியது இந்தக் கதைத்தன்மைக்கு. சில மாதங்களில் முடித்த இந்தப் பெரிய வேலைக்கு மிகச் சொற்பக் காசே கிடைக்கிறது என்று அவர் நண்பரான புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதியிருக்கிறார்.

பழைய பாணி டாட்டூ காட்சி சொல்வதில்லை. பின்னணி கிடையாது, தோல்தான் பின்னணி. ஒரு பொருள், அதைச் சுற்றி ஒரு பட்டை, பட்டையில் ஒரு பெயர். ஆகவே வரைபவர் முன் இரு வழிகள். பமீலாவின் காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு மனிதர்களின் உடலில் பச்சை ஏற்றலாம், கோட்டைத் தடிமனாக்கலாம். வாசிப்பவர்களுக்கு இது வசதி. 1909ஆம் ஆண்டுப் படங்கள் அமெரிக்காவில் எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. பமீலா 1951இல் இறந்ததால் ஐரோப்பாவிலும் 2021 முடிவோடு உரிமை தீர்ந்தது, எனவே சட்டத் தடையும் இல்லை. ஆனால் அங்கே டாட்டூ உடுப்பாக மட்டுமே நிற்கிறது. மற்ற வழி, காட்சியைக் கைவிட்டு, குத்துவாள் ஐந்து, கோப்பை ஏழு என்று சின்னங்களுக்கே திரும்புவது. டாட்டூவுக்கு நேர்மையானது இதுதான். வேடிக்கை என்னவென்றால் இந்த வழியில் போனால் போய்ச் சேரும் ஊர் மார்சேய். புதுமை என்று புறப்பட்டவர் 1760ஆம் ஆண்டுக் கட்டின் இலக்கணத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கிறார். டாட்டூ டாரட்டின் தேவை எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது இந்தத் திரும்புதலில் இருக்கிறது என்பேன்.

யாருடைய கோடு

உரிமை பற்றிய விவாதம் பிந்தியது, இன்னும் கொதிநிலையில் இருப்பது. ஃப்ளாஷ் உலகம் நகலெடுத்தே வளர்ந்தது. ஆல்பர்ட்ஸ் விற்ற தாளைப் பார்த்து இன்னொருவர் வரைந்தார், அதைப் பார்த்து மற்றொருவர். அந்தப் பொதுக் கிணற்றிலிருந்து ஒரு டாரட் ஓவியர் குருவியையும் நங்கூரத்தையும் எடுப்பதில் யாருக்கும் மனக்குறை இருப்பதாகத் தெரியவில்லை.

மாவோரிகளின் தா மோகோ வேறு வகை. அதில் குடி, வம்சம், தகுதி எல்லாம் குறிப்பிட்ட மனிதரோடு கட்டுண்டவை. அதனால்தான் வெளியாருக்கு, வம்சப் பொருளில்லாமல் அதே பாணியில் செய்வதற்குக் கிரிதுஹி என்ற தனிப்பெயர் வழங்குகிறது. மைக் டைசனின் முகப் பச்சையைக் குத்திய விட்மில், அதே வடிவத்தை ஒரு திரைப்படத்தில் நடிகர் முகத்தில் வைத்ததற்காக 2011இல் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்த வடிவமே மாவோரி மரபை நினைவூட்டுகிறதே, அதற்கு யாரிடம் கேட்டார்கள் என்று நியூசிலாந்திலிருந்து எழுந்த குரலுக்கு நீதிமன்றத்தில் இடம் இருக்கவில்லை. சீட்டுக்கட்டு அச்சிட்டு விற்கும் பண்டம். அதில் மோகோவை வைப்பது, ஒருவருடைய குலமுறையைக் கலைத்துக் குலுக்கிப் போடுவதாகும் என்ற ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மறுபுறம், எல்லா மரபும் கடன் வாங்கியதே, மம்லுக்குகளின் போலோ மட்டையைத் தடியாக்கிய இத்தாலியர் யாரிடமும் கேட்கவில்லையே என்ற வாதமும் கேட்கிறது. சாதாரண ஆட்டக்கருவியும் மூதாதையர் பெயரும் ஒன்றாகிவிடுமா என்பதை அந்த வாதம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தீராதவை

மூன்று விடைகளில், கோட்டின் ஒற்றுமையை விளக்க அச்சுப் பட்டறை வாதமே போதுமானதாகத் தோன்றுகிறது. ஆதிப் படிம வாதம் வரலாற்றின் முன் தடுமாறுகிறது. காப்பு வாதம் டாட்டூவைப் பற்றி உண்மையும் டாரட்டைப் பற்றிப் பாதி உண்மையும் சொல்கிறது. ஆனால் அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்ட பிறகும், வாங்குபவர்களும் வாசிப்பவர்களும் இத்தகைய கட்டுகளில் எதைக் காண்கிறார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்குக் கருவிகளின் வரலாறு உதவாது.

டாட்டூவின் பொருளில் பெரும்பங்கு அதை அணிந்தவரிடம் இருக்கிறது. அந்தக் குருவி ஐயாயிரம் மைல் கடந்தவருடையது. கடக்காத ஒருவர் அதைக் குத்திக்கொண்டால் பழைய மாலுமிகள் முகம் சுளித்திருப்பார்கள். சீட்டில் ஏறிய குருவி யாருடையதும் இல்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒருவரிடம் வந்து, வாசிப்பு முடிந்ததும் கட்டுக்குத் திரும்பிவிடும். உடலைவிட்டுப் பிரிந்த பச்சைக்கு என்ன பொருள் எஞ்சுகிறது, இல்லை சீட்டே அதற்குப் புதுப்பொருள் ஒன்றைத் தருகிறதா என்பது முறையாக ஆராயப்பட வேண்டிய இடம். தலைகீழாக விழும் சீட்டுக்கு டாரட்டில் தனிப்பொருள் உண்டு. பச்சை நேராக நிற்க வேண்டியது அணிந்தவர் கண்ணுக்கா, எதிரே நிற்பவர் கண்ணுக்கா என்று குத்துநர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டு வழக்குகளும் ஒரே சீட்டில் சந்திக்கும்போது எது மேல், எது கீழ் என்பதற்கு இதுவரை வந்த கட்டுகள் விடை தரவில்லை.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் இருக்கிறது. டாரட் சீட்டையே சட்டத்தோடும் எண்ணோடும் முழங்கையில் குத்திக்கொள்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் தங்களுக்கு வந்து விழுந்த சீட்டைக் குத்திக்கொள்கிறார்கள், சிலர் பிடித்த சீட்டை.